வன்னிக் காய்ச்சல் ஒழிந்த வரலாறு

செய்தித்தாளின் ஒரு மூலையில் நான்கு வரியில் வந்து மறையும் செய்திகளுள் சில, முதற்பக்கத்துக் கொட்டை எழுத்துச் செய்திகளைக் காட்டிலும் பெருமதிப்பு உடையவை. 2016 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் வெளிவந்த செய்தி ஒன்று அத்தகையது. இலங்கைத் தீவில் மலேரியாக் காய்ச்சல் அறவே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அன்று அறிவித்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் உள்நாட்டுப் போரில் எரிந்த ஒரு நாடு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பயிர் செய்து வாழ்ந்த தன் மக்களை விடாது வாட்டிய நோயை வேரோடு களைந்துவிட்டது என்பது அச்செய்தியின் பொருள்.

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இதனால் ஆவது என்ன என்று அன்பர்கள் கேட்கலாம். ஆவது நிரம்ப உண்டு. அந்நோய் இலங்கையில் கடைசிவரை பிடிவாதமாக நின்ற இடங்களுள் தலையாயது, தமிழ் பேசும் மக்கள் வாழும் வடபுலமாகிய வன்னி நாடு. அங்கே கற்ற பாடம், வேலைக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் நம் போன்றோருக்கே முதலில் பொருந்தும் பாடம். ஆகவே அவ்வரலாற்றைச் சற்று விரிவாகவே இங்குக் கூற விரும்புகிறோம்.

வன்னியும் காய்ச்சலும்

யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என விரிந்து கிடப்பது வன்னி. இரணைமடு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் என்று பெருங்குளங்கள் நிறைந்த பூமி அது. மண் வளம் உண்டு, நீர் உண்டு, காடு உண்டு. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அடியடியாக நிலத்தைப் பங்கிட்டு நெருங்கி வாழ்ந்த மக்கள், பரந்து கிடந்த வன்னிக்குச் சென்று குடியேற நெடுங்காலம் தயங்கினர். காட்டு யானைக்கு அஞ்சி மட்டும் அன்று. காய்ச்சலுக்கு அஞ்சியே பெரிதும் தயங்கினர். விதைக்கப் போனவன் அறுக்கும் பருவத்தில் நடுக்கத்தோடு பாயில் கிடப்பான். பிள்ளைகளின் வயிறு மண்ணீரல் வீங்கிப் பருத்திருக்கும். நெல் விளையும், அதை அறுக்கக் கைகளில் வலுவிராது.

இக்காய்ச்சலைப் பரப்புவது அனாபிலிஸ் என்னும் கொசு. இலங்கைத் தமிழர் கொசுவை நுளம்பு என்பர். அனாபிலிசிலும் பல சாதிகள் உண்டு. வன்னியில் நோயைச் சுமந்த கொசு சாக்கடையில் வளர்வதன்று; வெயில் படும் தெளிந்த நீரில் முட்டையிடுவது. ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் குட்டைகளும், குளத்து மதகின் கீழ் நிற்கும் நீரும், கைவிட்ட குழிகளும் அதற்குத் தொட்டில். நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசுவின் உடலில் நோய்க்கிருமி பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை வளர்ந்து முதிர்கிறது. பிறகு அக்கொசு கடிக்கும் மனிதருக்கு நோய் வருகிறது. மனிதன், கொசு, மீண்டும் மனிதன் என்று சுற்றும் இச்சக்கரத்தில் ஏதேனும் ஓரிடத்தில் அச்சாணியைப் பிடுங்கிவிட்டால் சக்கரம் நின்றுவிடும். மலேரியா ஒழிப்பு என்பதன் இரகசியம் முழுவதும் இதுவே.

பெங்களூருக்கும் இதில் பங்குண்டு

இவ்விரகசியம் மனித குலத்துக்குத் தெரிந்த கதையில் நம் பெங்களூருக்கும் ஒரு சிறு பங்குண்டு என்பதை நேயர்கள் அறிந்தால் மகிழ்வர். ரொனால்டு ராஸ் என்னும் இளம் இராணுவ மருத்துவர் 1883 ஆம் ஆண்டில் பெங்களூர்த் தண்டுப் பகுதியில் பணியாற்றினார். தாம் தங்கிய பங்களாவில் கொசுத் தொல்லை மிகுந்திருக்கக் கண்டு காரணம் தேடினார். சன்னலுக்கு வெளியே வைத்திருந்த நீர்த்தொட்டியில் கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், தொல்லை குறைந்தது. கொசுவை ஒழிக்க நீரை ஒழி என்னும் எளிய உண்மை அவர் மனத்தில் அன்று பதிந்தது.

மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதை அவர் அப்போது அறியார். 1895 இல் மீண்டும் பெங்களூருக்கு வந்து, வாந்திபேதி பரவிய காலத்தில் நகரத் துப்புரவுப் பணியில் ஈடுபட்டார். 1897 இல் நீலகிரிச் சாரலில் சீகூர்ப் பக்கம் ஆராயச் சென்றபோது தாமே அக்காய்ச்சலுக்கு ஆளானார். அவ்வாண்டு ஆகஸ்டு 20 ஆம் நாள் செகந்திராபாத்தில் ஓர் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றை அறுத்துப் பூதக்கண்ணாடியில் நோக்கியபோது மலேரியாக் கிருமி வளர்ந்திருப்பதைக் கண்டார். 1902 இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

உண்மை தெரிந்ததனால் மட்டும் நோய் ஒழிந்துவிடவில்லை. 1930 களில் கிருஷ்ணராஜ சாகரத்திலிருந்து இர்வின் கால்வாய் வழியே மண்டியா வட்டாரத்துக்கு நீர் பாய்ந்தபோது, நெல்லும் கரும்பும் பெருகியதோடு காய்ச்சலும் பெருகியது. இன்று விசுவேசுவரய்யா கால்வாய் என்று வழங்குவது அதுவே. நீரைக் கொண்டுவரும் கைகள் அந்நீரோடு வரும் கொசுவையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது நம் பக்கத்திலேயே உள்ள சான்று.

பதினேழு பேர் என்னும் மயக்கம்

இனி இலங்கைக்குச் செல்வோம். 1934 ஆம் ஆண்டில் அங்கே மழை பொய்த்தது. எப்போதும் நீரோடும் ஈரவலயத்து ஆறுகள் குட்டை குட்டையாகச் சுருங்கின. ஒவ்வொரு குட்டையும் கொசுவுக்குத் தொட்டிலாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் கேகாலை, குருநாகல் பக்கங்களில் மூண்ட காய்ச்சல் 1935 இலும் தொடர்ந்து ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. விளைச்சல் இன்றிப் பசியால் மெலிந்த உடல்களைக் காய்ச்சல் எளிதில் சாய்த்துவிட்டது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து வந்தது. அனாபிலிஸ் கொசு கடித்த பிறகு வீட்டுச் சுவரில் அமர்ந்து இளைப்பாறும் வழக்கம் உடையது. அச்சுவரிலேயே மருந்தைத் தெளித்துவிட்டால் அமர்ந்த கொசு மடியும். 1946 முதல் தீவெங்கும் வீடுவீடாகத் தெளித்தனர். பயன் கண்கூடாகத் தெரிந்தது. இலட்சக்கணக்கில் இருந்த நோயாளர் தொகை ஆண்டுதோறும் சுருங்கி, 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதினேழே பேர் என்ற நிலைக்கு வந்தது. அவர்களிலும் சிலரே நாட்டினுள் நோய் பெற்றவர். ஏனையோர் வெளியிலிருந்து கொண்டுவந்தவர்.

பதினேழு என்னும் எண்ணைப் பார்த்தவர்கள் வேலை முடிந்தது என்று எண்ணினர். தெளிப்பு படிப்படியாக நின்றது. பணம் வேறு வேலைகளுக்குப் போயிற்று. காய்ச்சல் என்று வந்தவரின் இரத்தத்தைச் சோதிக்கும் வழக்கமும் தளர்ந்தது. இதற்கிடையே இரத்தினக்கல் தோண்டுவோர் காட்டுப்புறங்களில் குழி பறித்து, கல் எடுத்ததும் குழியை மூடாது சென்றனர். மழைநீர் தேங்கிய அக்குழிகளில் கொசு பெருகியது. கல் தேடிப் பல ஊர்களிலிருந்தும் வந்த கூட்டம் நோயைத் தத்தம் ஊர்களுக்குக் கொண்டு சென்றது. 1969 ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலில் வீழ்ந்தனர். அதற்குள் கொசுவும் டி.டி.டி.க்குப் பழகிவிட்டது, வேறு மருந்து தேட வேண்டியதாயிற்று. பதினேழு ஐந்து இலட்சமாக ஆறே ஆண்டுகள் போதுமாயின.

இருப்புப்பாதை அலுவலகத்தில் ஏடு எழுதிப் பிழைக்கும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்குகிறது. ஒரு நிலையத்தை விட்டு வண்டி புறப்பட்டால், அது அடுத்த நிலையம் வந்து சேர்ந்தது என்ற செய்தி கிடைக்கும்வரை அப்பாதையில் மற்றொரு வண்டியை விடுவதில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காகப் பாதையில் வண்டி இல்லை என்று கொள்ளுதல் எங்கள் தொழிலில் பெருங்குற்றம். நோய்க்கும் அவ்விதியே பொருந்தும். கண்ணில் படாத நோயாளி இல்லாத நோயாளி ஆகமாட்டான்.

போரின் நடுவே ஒரு பணி

1983 இல் மூண்ட உள்நாட்டுப் போர் மலேரியாவுக்கு நல்ல வேட்டைக்காடாயிற்று. வன்னியின் நடுவே ஒரு நாட்டுக்குள் இரு நாடு போல எல்லைக்கோடு விழுந்தது. இப்பக்கம் அரசப் படை, அப்பக்கம் புலிகள். மக்கள் வீடு வாசல் விட்டு மரத்தடியிலும் ஓலைக் கொட்டிலிலும் கிடந்தனர். மருந்து தெளிக்கச் சுவரே இல்லாதவனுக்குச் சுவரில் தெளிக்கும் மருந்தால் என்ன பயன்? மருத்துவமனைகள் பல சிதைந்தன. 1990 இல் வடக்கே செல்லும் யாழ் தேவி வண்டியும் நின்றது. 1999 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 2,64,000க்கு மேற்பட்டோர் மலேரியாவுக்கு ஆளாயினர். அவர்களில் பெரும்பகுதியினர் போர் நடந்த வடக்கு, கிழக்கு மாவட்டங்களைச் சேர்ந்தவர்.

இந்நிலையில் ஒழிப்புப் பணியைக் கைவிட்டிருந்தால் குறை கூறுவோர் இருந்திருக்கமாட்டார்கள். ஆனால் கைவிடவில்லை. மலேரியாத் தடை இயக்கத்தைச் சேர்ந்த பணியாளர்களும் மாவட்ட மருத்துவ அலுவலர்களும் இரு பக்கத்திலும் தம் வேலையைத் தொடர்ந்தனர். கொசு சீருடை பார்த்துக் கடிப்பதில்லை. படைவீரனும் போராளியும் உழவனும் ஒரே காய்ச்சலில் நடுங்கினர். ஆதலால் துப்பாக்கி ஏந்தியவர்களும் பெரும்பாலும் இவர்களுக்கு வழிவிட்டனர். ஒன்றுக்கொன்று பகையான இரு ஆட்சிகளுக்கும் பொதுவாக நிகழ்ந்த மிகச் சில காரியங்களில் இதுவும் ஒன்று.

அவர்கள் செய்தவை பார்வைக்கு மிகச் சிறியவை. மருத்துவமனை இல்லாத ஊர்களுக்கு நடமாடும் மருத்துவக் குழுக்கள் சென்றன. காய்ச்சல் கண்டவரின் விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி அங்கேயே சோதித்தனர். நோய் கண்டவர்க்கு உடனே மாத்திரை கொடுத்தனர். பூச்சிமருந்தைக் காலத்துக்குக் காலம் மாற்றித் தெளித்து, கொசு எந்த மருந்துக்கும் பழகிவிடாமல் பார்த்துக்கொண்டனர். பின்னர், பல ஆண்டு பயன் தரும் மருந்தூட்டிய கொசுவலைகளை வழங்கினர். சர்வோதய இயக்கம் போன்ற தொண்டு அமைப்புகளும், உலக நிதியம் அளித்த பொருளும் இதற்குத் துணை நின்றன. சுவர் இல்லாத குடிசைக்கும் ஒரு வலையைக் கட்ட இடம் உண்டு அல்லவா?

பயனை எண்களே கூறட்டும். 2000 ஆம் ஆண்டில் 2,10,000. 2002 இல் 41,000. 2004 இல் 3,700. 2006 இல் 591. போர் ஓயும் முன்னரே காய்ச்சல் ஓயத் தொடங்கிவிட்டது. 2009 இல் போர் முடிவுக்கு வந்தபோது, ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வவுனியாவை அடுத்த முகாம்களில் நெருக்கமாக அடைபட்டுக் கிடந்தனர். அத்தகைய முகாமில் மலேரியா மூண்டிருந்தால் 1935 ஆம் ஆண்டின் கொடுமை மீண்டும் நேர்ந்திருக்கும். அவ்வாறு நேரவில்லை. அம்மக்கள் பட்ட துயரங்கள் எத்தனையோ. அவற்றோடு இதுவும் சேராமல் காத்தது, அதற்கு முந்திய பத்தாண்டுகளில் பெயர் தெரியாத பணியாளர் பலர் சேர்த்துவைத்த உழைப்பு.

கடைசி நோயாளியைத் தேடி

ஓர் இலட்சத்தை ஆயிரமாக்குவது கடினம். ஆனால் பத்தைப் பூச்சியமாக்குவது அதனினும் கடினம். நோயாளர் குறையக் குறைய, மருத்துவரே அந்நோயை மறந்துவிடுவர். சோதனைக்கூடத்தார் நூற்றுக்கணக்கான சில்லுகளை வெறுமையாகவே பார்த்துச் சலிப்படைவர். பணம் கொடுப்போர் இன்னுமா என்று கேட்பர். 1963 இல் தடுக்கி விழுந்த இடம் இதுவே. இம்முறை இலங்கை விழவில்லை.

ஒவ்வொரு நோயாளியையும் தீவிபத்துப் போலக் கருதினர். மலேரியா உறுதியானால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தலைமை அலுவலகத்துக்குச் செய்தி போக வேண்டும். நோயாளியை மருத்துவமனையில் சேர்த்து மருந்தளிக்க வேண்டும். அவர் எங்கே வேலை செய்தார், எந்த ஊரில் உறங்கினார், எப்போது காய்ச்சல் தொடங்கியது என்று விசாரிக்க வேண்டும். அவர் வீட்டைச் சுற்றி வாழ்வோரின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அண்மையில் கொசு வளரும் நீர்நிலை உண்டா என்று ஆராய வேண்டும். குணமடைந்தார் என்று விட்டுவிடாமல் பின்னும் அவரைப் பார்த்துவர வேண்டும். இறுதி ஆண்டுகளில் நோய் கண்டவர்கள் பெரும்பாலும் காட்டோரக் காவலில் இருந்த படைவீரர் போன்ற வளர்ந்த ஆண்களே. குழந்தைகளை நோய் விட்டுவிட்டது.

2011 இல் நாட்டினுள்ளேயே நோய் பெற்றவர் 124 பேர். 2012 இல் 23 பேர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் கண்ட நோயாளியே கடைசி. அதன்பின் ஒருவரும் இல்லை. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உள்நாட்டில் ஒருவருக்கேனும் நோய் தொற்றவில்லை என்று மெய்ப்பித்தால்தான் உலக சுகாதார நிறுவனம் சான்று அளிக்கும். அச்சான்றே 2016 இல் கிடைத்தது. இதற்கிடையே 2014 அக்டோபரில் யாழ் தேவி மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவ்வண்டி வன்னியைக் கடந்தபோது, பாதையின் இருபுறமும் காய்ச்சல் இல்லாத வன்னி இருந்தது.

சீன தேசத்திலும் இதே முறையே வெற்றி தந்தது. ஒரு நாளில் அறிவித்தல், மூன்று நாளில் விசாரித்தல், ஏழு நாளில் நடவடிக்கை எடுத்தல் என்று அதற்கு மூன்று எண்களால் பெயரிட்டனர். பர்மாவை ஒட்டிய யுன்னான் மாநில எல்லையே அவர்களுக்கும் கடைசித் தலைவலியாக இருந்தது. அந்நாடு 2021 இல் சான்று பெற்றது.

கடல் ஓர் எல்லையா?

நோய் ஒழிந்த நாட்டுக்கு அச்சம் எங்கிருந்து வருகிறது? எல்லைக்கு அப்பாலிருந்து. இலங்கைக்கு எல்லை கடல். அக்கடலுக்கு அப்பால் உள்ளது நம் தமிழ்நாடு. 1914 இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிய நாள் முதல், இவ்விரு கரைகளும் ஒரே வீட்டின் இரு திண்ணைகளாயின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கிய பிறகும் போக்குவரத்து ஓயவில்லை. தோட்டத் தொழிலாளர் இக்கரைக்குத் திரும்பினர். பின்னர் அகதிகள் வந்தனர். அவர்களிலும் பலர் திரும்பிச் சென்றனர். 2023 இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மீண்டும் பயணிகள் கப்பல் விட்டனர். பெங்களூரிலிருந்து விமானத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் கொழும்பு.

2018 ஆம் ஆண்டின் முடிவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். இலங்கையின் மொனராகலை மாவட்டத்தில் ஒரு கட்டட வேலைக்கு இந்தியாவிலிருந்து தொழிலாளர் சென்றிருந்தனர். அவர்களில் ஒருவர் இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது. அவரைக் கடித்த உள்ளூர்க் கொசு, அவ்வூர்வாசி ஒருவருக்கு நோயைக் கொடுத்துவிட்டது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அந்த மண்ணில் தொற்றிய முதல் நோய் அது. உடனே கண்டுபிடித்து மருந்தளித்து, அக்கம்பக்கம் முழுவதையும் சோதித்து, அத்தோடு நிறுத்திவிட்டனர். அந்தத் தொழிலாளியின் மேல் என்ன குற்றம்? வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர் அவர். தம் உடலில் இருந்ததை அவர் அறிந்திருக்க வழியில்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. 2016 டிசம்பரில், சான்று பெற்ற மூன்றே மாதத்தில், மன்னார்த் தீவில் ஒரு புதிய கொசுவைக் கண்டனர். ஸ்டீபென்சி என்பது அதன் பெயர். இந்திய நகரங்களில் நெடுங்காலமாக வாழும் அனாபிலிஸ் சாதி அது. ஆறு, குளம் அதற்கு வேண்டுவதில்லை. கிணறும், மாடியின் மேலுள்ள தண்ணீர்த் தொட்டியும், கட்டட வேலைக்குத் தேக்கிய நீரும் போதும். காட்டோரத்து நோயாக இருந்த மலேரியாவை நகரத்து நோயாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. சென்னையிலும் மங்களூரிலும் மலேரியா நெடுநாள் நின்றதற்கு இக்கொசுவே முதற்காரணம்.

நம் இல்லமும் ஓர் எல்லையே

இப்போது இக்கதை நம் வாயிலுக்கு வந்துவிட்டது. பாரத நாட்டின் நிலையைச் சுருங்கக் கூறுவோம். விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் வருந்தினர். எட்டு இலட்சம் பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு. 1960 களின் நடுவில் நோயாளர் ஏறத்தாழ ஓர் இலட்சமாகக் குறைந்தனர். நாமும் இலங்கையைப் போலவே வெற்றி மயக்கத்தில் தளர்ந்தோம். 1976 இல் நோயாளர் அறுபத்து நான்கு இலட்சமாயினர். பிறகு நெடிய உழைப்பு. 2015 இல் பதினோரு இலட்சத்துக்கு மேல் இருந்த தொகை 2023 இல் ஏறத்தாழ 2,27,000 ஆகக் குறைந்தது. 2030 க்குள் முற்றும் ஒழிப்பது என்று அரசு உறுதி பூண்டுள்ளது. ஆக, நாம் இன்று நிற்பது இலங்கை சறுக்கி விழுந்த படிக்கு அருகில்.

நம் சங்கத்து அன்பர்களின் குடும்பங்களில் கொத்தனார் உண்டு, தச்சர் உண்டு, லாரி ஓட்டுநர் உண்டு, ஊர் ஊராகச் சென்று இயந்திரம் பொருத்துவோர் உண்டு. மங்களூரில் மாடிக் கட்டடங்கள் பெருகிய காலத்தில் மலேரியாவும் அங்கே பெருகியது. அவதிப்பட்டவர்களில் வெளியூரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர் மிகுதி. நாம் அறிந்த ஒருவர், தருமபுரிப் பக்கத்தவர், கடலோர ஊர் ஒன்றில் கட்டட வேலை செய்து திரும்பினார். அங்கேயே காய்ச்சல் கண்டு மாத்திரையும் பெற்றிருந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டார். எஞ்சியவற்றை அவர் மனைவி பின்னொருகால் உதவும் என்று அரிசிப் பானைக்கு மேல் உறியில் பத்திரப்படுத்தினார். நான்கு மாதம் கழித்து ஸ்ரீராமபுரத்தில் அவர் வாடகை வீட்டில் காய்ச்சல் மீண்டும் வந்தது. கொசு கடித்ததனால் வந்த புதுக் காய்ச்சல் அன்று; அவர் உடலிலேயே உறங்கிக் கிடந்த பழங்காய்ச்சல்.

இதனை விளக்கமாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் காணும் மலேரியாவில் வைவாக்ஸ் என்னும் வகை ஒன்றுண்டு. இலங்கையில் மிகுதியாக இருந்ததும் அதுவே. அக்கிருமியில் ஒரு பகுதி ஈரலில் போய் மறைந்து மாதக்கணக்கில் உறங்கும். குளோரோகுயின் மாத்திரை மூன்று நாளில் இரத்தத்திலுள்ள கிருமியைக் கொல்லும், காய்ச்சல் நின்றுவிடும். ஈரலில் உறங்குவதைக் கொல்வது பிரைமாகுயின் என்னும் மற்றொரு மாத்திரை. அதனைப் பதினான்கு நாளும் உண்ண வேண்டும். காய்ச்சல் விட்ட பின்னும் உண்ண வேண்டும் என்பதனால்தான் பலர் விட்டுவிடுகின்றனர். கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது ஆகாது. சிலருடைய இரத்த அமைப்புக்கும் ஒவ்வாது. ஆதலால் மருத்துவர் சொற்படியே உண்ண வேண்டும். உறியில் உள்ளதை எடுத்துத் தாமாகவே உண்பதும் பிறர்க்குக் கொடுப்பதும் தகாது. இன்னொரு வகையான பால்சிபாரம், மூளையைத் தாக்கி உயிரையே வாங்கவல்லது. அதற்கு வேறு மருந்து, விரைந்து தொடங்க வேண்டிய மருந்து.

ஆகவே நம் இல்லத்தார் கைக்கொள்ள வேண்டியவை சில. வெளியூர் வேலையிலிருந்தோ பயணத்திலிருந்தோ திரும்பியவர்க்குச் சில மாதங்களுக்குள் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டால், எங்கே சென்றிருந்தோம் என்பதை மருத்துவரிடம் கேளாமலே கூறுதல் வேண்டும். பெங்களூரில் இன்று மலேரியா அரிது. ஆதலால் மருத்துவர் முதலில் வேறு காய்ச்சலையே நினைக்கக்கூடும். நாம் சொல்லும் ஒரு சொல் அவரை இரத்தச் சோதனைக்குத் திருப்பும். அச்சோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். விரைவில் முடிவு தெரியும். நோய் உறுதியானால் மாத்திரையைக் கடைசி நாள்வரை உண்ணுதல் வேண்டும். வீட்டுப் பெண்கள் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் கோடிட்டு வந்தால் மறதி நேராது.

தண்ணீர் விஷயம் அடுத்தது. கார்ப்பரேஷன் குழாயில் நாள் தவறாது நீர் வராத ஊர் நம் ஊர். சம்ப்பும் மாடித் தொட்டியும் பிளாஸ்டிக் பீப்பாயும் இல்லாத வீடு அரிது. அவற்றை இறுக மூடி வையுங்கள். மூடி உடைந்திருந்தால் பழஞ்சேலையை நான்காக மடித்துக் கட்டினாலும் போதும். வாரம் ஒருமுறை பீப்பாயைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவிடுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நீரைக் கொட்டிவிட்டால் ஒரு தலைமுறையே அழிந்துபோம். ராஸ் என்பவர் இவ்வூரில் 1883 இல் செய்தது இவ்வளவுதான்.

நம்மவர் வேலை செய்யும் கட்டடங்களில் மேஸ்திரிமார்களாக இருப்போருக்குத் தனியே ஒரு வேண்டுகோள். கூரைத் தளத்தில் தேக்கும் நீரையும், மின்தூக்கிக்காகத் தோண்டிய குழியில் நிற்கும் நீரையும் கவனியுங்கள். ஆளுக்கொரு கொசுவலை வாங்கித் தருமாறு ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள். காய்ச்சல் கண்டவனை வேலைக்கு வா என்று அழைக்காமல் சோதனைக்கு அனுப்புங்கள். ஒருநாட் கூலி போகும் என்று அஞ்சியே அவன் தன் நோயை மறைக்கிறான்; அவ்வச்சம் நீங்கினால் நோயும் வெளிப்படும்.

வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களிலும் ஒரு பணியாளர் கண்ணாடிச் சில்லில் ஒரு துளி இரத்தத்தைத் தடவி, பெயரும் ஊரும் நாளும் எழுதி, ஏட்டில் பதிந்துகொண்டார். அத்தகைய ஏடுகள் பல்லாயிரம் சேர்ந்தே ஒரு நோய்க்கு முடிவு எழுதின. அங்கே போர்க்களத்தில் முடிந்தது, குழாயும் விளக்கும் மருத்துவமனையும் பேருந்தும் உள்ள இந்நகரத்தில் நமக்கு முடியாதா? நாடு விட்டு நாடும் ஊர் விட்டு ஊரும் போய்ப் பிழைப்பது தமிழர்க்குப் புதிதன்று. போகும் இடத்துக்கு உழைப்பைக் கொண்டு செல்வோம். நோயைக் கொண்டு செல்லோம். திரும்பும் போதும் கூலியைக் கொண்டு வருவோம், காய்ச்சலைக் கொண்டு வாரோம் என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதி கொள்ளுதல் வேண்டும். இந்நாட்டின் கடைசி மலேரியா நோயாளி எங்கோ ஒரு வீட்டில் இருக்கப்போகிறார். அவர் உண்ண வேண்டிய பதினான்காம் நாள் மாத்திரை உறியில் தங்கிவிடலாகாது.